காந்த ஒற்றைமுனையை எங்கே தேடுவது: முடுக்கியிலா, பனிக்கட்டியிலா, கல்லிலா?

துகள் இயற்பியலில் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மாணவர்கள் சிலருக்கு ஓர் ஆசை உண்டு: மோனோபோல் தேடும் குழுவில் சேர வேண்டும். வடமுனை மட்டுமோ தென்முனை மட்டுமோ தனியாக உள்ள துகள் அது, காந்த ஒற்றைமுனை. 1931-இலிருந்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பல பத்தாண்டுகளாகத் தேடுகிறார்கள், இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டால் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோமுக்கு டிக்கெட் நிச்சயம். ஆசையில் தப்பில்லை. ஆனால் எந்தக் குழுவில் சேர்வது என்று முடிவெடுக்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஜெனீவாவில் தேடுபவர்களும், தென்துருவத்தில் தேடுபவர்களும், விண்கல்லைச் சோதிப்பவர்களும் ஒரே பொருளைத் தேடவில்லை. பெயர் ஒன்றுதான்.

இந்த வழிகளை நான் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். ஒன்றுமே கிடைக்காமல் போனால் (பெரும்பாலும் அதுதான் நடக்கும்) அந்த வெறுங்கை எதைச் சொல்லும்? ஒன்றே ஒன்று கிடைத்தால் அதை மற்றவர்கள் நம்புவார்களா? செலவு, காலம், குழுவின் அளவு எல்லாம் அதற்கு அப்புறம்.

தேடும் பொருள் எது?

பால் டிராக் 1931-இல் ஒன்றைக் காட்டினார். பேரண்டத்தில் எங்கேயாவது ஒரே ஒரு ஒற்றைமுனை இருந்தால் போதும். மின்னூட்டம் ஏன் எப்போதும் ஓர் அடிப்படை அளவின் முழு மடங்காகவே வருகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். அதே கணக்கிலிருந்து ஒற்றைமுனையின் காந்த ஊட்டமும் வந்துவிடுகிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தைப் போல் 68.5 மடங்கு, இல்லையென்றால் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று போகும். எடையைப் பற்றி மட்டும் டிராக்கின் கணக்கு வாயே திறப்பதில்லை.

எடைக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெரார்ட் ட் ஹூஃப்ட்டும் அலெக்சாந்தர் பொல்யகோவும் தனித்தனியாக ஒரு தீர்வைக் கண்டார்கள். மின்காந்த விசை, மெலிய விசை, வலிய விசை மூன்றும் ஆதியில் ஒன்றாக இருந்தன என்று சொல்லும் பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளில் அந்தத் தீர்வைப் பொருத்தினால், ஒற்றைமுனை இருந்தே தீர வேண்டும் என்று ஆகிறது. அங்கே எடை புரோட்டானைப் போல் ஏறத்தாழ 10-இன் 16-ஆம் அடுக்கு மடங்கு. ஏறத்தாழ 17 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் துகளுக்கு இது நம்ப முடியாத கனம்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. பெருவெடிப்பின் ஆரம்ப நொடியில் இத்தகைய கனத்த ஒற்றைமுனைகள் கணக்கில்லாமல் உண்டாகியிருக்க வேண்டும் என்று ஜான் பிரெஸ்கில் 1979-இல் காட்டினார். அத்தனை இருந்திருந்தால் பேரண்டம் இப்போதிருப்பதுபோல் இருக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றதும் ஆலன் கூத், பேரண்டம் தன் ஆரம்பக் கணத்தில் திடீரென்று மிக வேகமாக விரிந்தது என்னும் பெருவீக்கக் கொள்கைக்கு வந்து சேர்ந்த காரணங்களில் ஒன்று. ஒற்றைமுனைகள் உண்டான பிறகு பெருவீக்கம் நடந்திருந்தால், அவை கலைந்து பரவி, நம் கண்ணுக்கெட்டிய பேரண்டத்தில் ஒன்றிரண்டுகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். கனத்ததைத் தேடப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். தேடும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தேடும் இடத்தில் பொருளே இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு பொய்த் தடயங்கள்

ஒற்றைமுனை கிடைத்துவிட்டது என்று உலகம் இரண்டு தடவை பரபரத்தது. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் வழிகளை ஒப்பிட முடியாது.

1975-இல் பெர்க்லியின் புஃபர்ட் பிரைஸ் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அயோவா மாநிலத்திலிருந்து பலூனில் அனுப்பிய பிளாஸ்டிக் அடுக்குகளில் ஒரு துகள் துளைத்த தடம் தெரிந்தது. அது ஒற்றைமுனையின் தடம் என்றார்கள். லூயிஸ் ஆல்வாரெஸ் என்ற இயற்பியலாளர் அதைப் பிரித்து மேய்ந்தார். பிளாட்டினம் போன்ற ஒரு கனத்த அணுக்கரு, போகிற வழியில் உடைந்து கொஞ்சம் கொஞ்சமாக இளைத்திருந்தால் இதே தடம் விழும் என்று காட்டினார். பிரைஸ் குழுவும் பிறகு தன் வாதத்திலிருந்து பின்வாங்கியது.

அடுத்தது 1982 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேராவின் கருவி ஆளில்லாத ஆய்வகத்தில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 5 செ.மீ. விட்டத்தில் நான்கு சுற்று மீக்கடத்திக் கம்பி (மின்தடையே இல்லாதது), அதோடு மிக நுண்ணிய காந்த மாற்றத்தையும் அளக்கும் ஒரு ஸ்க்விட் காந்தமானி. அவ்வளவுதான் கருவி. இதன் அழகு எளிமையில் இருக்கிறது. ஒற்றைமுனை சுருளின் ஊடே போனால் சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட படி ஏறி, அங்கேயே நின்றுவிடும். துகளின் வேகம், எடை, எந்தக் கோட்பாடு சரி என்பதெல்லாம் அந்தப் படியின் உயரத்தை மாற்றாது. சாதாரணக் காந்தம் ஒன்று போனால் ஏறியது இறங்கிவிடும். ஒரு முனைக்குப் பின்னாலேயே மறுமுனையும் வருகிறதே. அன்று பதிவான படி, டிராக் சொன்ன ஊட்டத்துக்கு வர வேண்டிய உயரத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு கப்ரேராவும் மற்றவர்களும் பல மடங்கு பெரிய சுருள்களை வைத்துக் காத்திருந்தார்கள். இன்னொன்று வரவில்லை. அன்று என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் கிடையாது.

பிரைஸின் தடம் தோற்றது, வேறொரு துகளும் அதே தடத்தைப் போட முடியும் என்பதால். கப்ரேராவின் படி அப்படித் தோற்கவில்லை. வந்தது போய்விட்டது, திரும்ப அளக்க வழியில்லை. அதனால் அந்தரத்தில் நிற்கிறது. என் இரண்டாவது கேள்வி இங்கிருந்து வந்ததுதான். பிடித்து வைத்து மறுபடி மறுபடி அளக்க முடிகிற வழிக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பெண்.

முடுக்கி

ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் புரோட்டான்கள் 13.6 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் மோதுகின்றன. கனத்த ஒற்றைமுனையை உண்டாக்க வேண்டிய ஆற்றலில் இது ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆக, இங்கே தேடப்படுவது வேறு வகை, இலேசானது. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கோட்பாடும் அடித்துச் சொல்லவில்லை. இருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

புரோட்டான் மோதலில் தேடுவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அங்கே சோதனை நடத்தும் அட்லாஸ் குழுவின் அறிக்கைகளில் சில டெரா எலக்ட்ரான்வோல்ட் எடை (ஒரு டெரா என்பது ஏறத்தாழ ஆயிரம் புரோட்டான் எடை) வரைக்கும் ஒற்றைமுனை இல்லை என்று வரும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எத்தனை உண்டாகியிருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இல்லை என்று சொல்ல முடியும். மின்விசையின் வலிமையைக் குறிக்கும் எண் 137-இல் ஒரு பங்கு. ஒற்றைமுனைக்கு அதே எண் 34. சிறிய எண்ணை வைத்துப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் வழக்கமான கணக்கு முறை 34-க்குச் செல்லாது. இது அந்தக் குழுவினருக்கும் தெரியும், கட்டுரையிலும் எழுதுகிறார்கள். அப்புறம், ஒற்றைமுனை ட் ஹூஃப்ட் வகையைச் சேர்ந்த கூட்டுப்பொருளாக இருந்தால் கதை இன்னும் மோசம். இரண்டு சிறு துகள்கள் மோதி அப்படி ஒன்றை ஒழுங்காகக் கட்டியெழுப்பும் வாய்ப்பு, பூச்சியப் புள்ளிக்குப் பின் 200-க்கும் மேற்பட்ட பூச்சியங்கள் போட வேண்டிய அளவு சிறியது. வெறுங்கை இங்கே அதிகம் சொல்வதில்லை.

ஈய அணுக்கருக்களை மோதவிடும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு ஈயக் கருக்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் அந்தக் கணத்தில் 10-இன் 16-ஆம் அடுக்கு டெஸ்லா வரைக்கும் காந்தப்புலம் எழும். நியூட்ரான் விண்மீன்களில் உள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு. மிக வலுவான மின்புலம் வெற்றிடத்திலிருந்து எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் பிடுங்கி வெளியே போடும் என்று ஜூலியன் ஷ்விங்கர் காட்டியிருந்தார். காந்தப்புலத்துக்கு அதே நியாயத்தைப் பொருத்தினால் ஒற்றைமுனை இணைகள் வெளியே வர வேண்டும். இந்தக் கணக்கு சிறிய எண்ணை நம்பியிருக்கவில்லை. கூட்டுப்பொருள் என்ற தடையும் இங்கே இல்லை.

மோயிடல் என்ற சிறிய குழு இதைத்தான் செய்தது. அதே மோதுவியில் எல்எச்சிபி என்ற சோதனை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 800 கிலோ அலுமினியக் கட்டைகளை அடுக்கி வைத்தார்கள். வெளியே வரும் ஒற்றைமுனை வேகம் இழந்து அலுமினிய அணுக்கருவில் ஒட்டிக்கொள்ளும். 2018 நவம்பர் ஈய மோதல்களுக்குப் பிறகு கட்டைகளை எடுத்து, ஜூரிக்கில் ஒரு மீக்கடத்தி காந்தமானியின் ஊடே ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டிராக் அளவில் 1 முதல் 3 மடங்கு ஊட்டம் கொண்ட ஒற்றைமுனைகள் 75 ஜிகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது சுமார் 80 புரோட்டான் எடை வரைக்கும் கிடையாது என்று 2022-இல் அறிவித்தார்கள். அட்லாஸின் எண்ணுக்குப் பக்கத்தில் இது சின்ன எண். ஆனால் ஊன்றி நிற்கும் எண்.

அதோடு விடவில்லை. ஊட்டம் மிக அதிகமாக இருந்தால் துகள் அலுமினியம் வரை வராமல் வழியிலேயே நின்றுவிடுமே? அதனால் அங்கேயே சிஎம்எஸ் என்ற இன்னொரு சோதனையில் மோதுவியின் முதல் ஓட்டத்துக்குப் பயன்பட்டுக் கழற்றிப்போட்ட, துகள் கற்றை ஓடும் பெரிலியக் குழாயையே வாங்கி, துண்டு போட்டு, காந்தமானியில் விட்டார்கள். மோதல் நடக்கும் புள்ளிக்கு அதைவிட நெருக்கமான பொருள் கிடையாது. 2024-இல் அதன் முடிவும் வந்தது: 45 மடங்கு ஊட்டம் வரைக்கும் இல்லை. பழைய இரும்புக்கடைச் சரக்கிலிருந்து இவ்வளவு நல்ல இயற்பியல் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

கட்டையில் ஒன்று சிக்கியிருந்தால்? அதே கட்டையை நூறு தடவை அனுப்பலாம், வேறு நாட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம், பாதியாக வெட்டி எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்க்கலாம். கப்ரேராவுக்குக் கிடைக்காத வசதி இது.

வானம்

கனத்ததைப் பிடிக்க வேண்டுமென்றால் வானத்திலிருந்து வருவதற்குக் காத்திருப்பதே வழி. எவ்வளவு நேரம் என்பதற்கு யூஜீன் பார்க்கர் 1970-இல் ஒரு வரம்பு கொடுத்தார். நம் விண்மீன் மண்டலத்தில் மெல்லிய காந்தப்புலம் ஒன்று பரவியிருக்கிறது. ஒற்றைமுனைகள் நிறைய இருந்தால் அவை அந்தப் புலத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சிப் புலத்தையே அழித்திருக்கும். புலம் இருக்கிறது, ஆகவே ஒற்றைமுனைகள் குறைவு. அந்த வரம்பை நம் அளவுக்குக் கொண்டுவந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பை 500 ஆண்டுக்கு ஒரு ஒற்றைமுனை கடக்கலாம். கப்ரேராவின் சுருளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பரப்பு வெறும் 20 சதுர செ.மீ., எனவே இரண்டரை லட்சம் ஆண்டுக்கு ஒன்று. அவர் காத்திருந்தது 151 நாள்.

ஆக, பரப்பு வேண்டும். இத்தாலியில் கிரான் சாசோ மலையின் அடியில் 1989 முதல் 2000 வரை ஓடிய மாக்ரோ என்ற கருவி 76 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். மீக்கடத்திச் சுருளை அந்த அளவுக்குச் செய்ய முடியாது, கட்டுப்படியாகாது. பதிலுக்குத் துகள் பட்டால் ஒளிரும் திரவம், வாயுக் குழாய்கள், தடம் பதியும் பிளாஸ்டிக் என மூன்று வகை உணரிகளை அடுக்கினார்கள். பிரைஸ் கதையின் பாடம் அதில் தெரிகிறது: ஒன்று ஏமாந்தாலும் மூன்றும் சேர்ந்து ஏமாறாது. முடிவு, பார்க்கர் வரம்பைவிட ஏழு மடங்கு கீழே இறங்கியும் ஒன்றுமில்லை. மெதுவாக வரும் கனத்த ஒற்றைமுனைகளைப் பற்றி இன்றும் எல்லோரும் கைகாட்டுவது இந்த முடிவைத்தான். பொலிவியாவில் 5,230 மீட்டர் உயரத்து சக்கல்தயா மலையில் 400 சதுர மீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் விரித்த ஸ்லிம் சோதனை வேறு எடைக்கானது. நடுத்தர எடையுள்ளவை பாறையைத் துளைத்து கிரான் சாசோ வரை இறங்க முடியாதே.

தென்துருவத்தின் ஐஸ்கியூப் என்ற நியூட்ரினோ ஆய்வகம் இன்னும் பெரிது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி, 5,160 ஒளி உணரிகள். ஒளியின் வேகத்தை நெருங்கிப் போகும் ஒற்றைமுனை, அதே வேக மியூவானைவிட (எலக்ட்ரானின் கனத்த உறவுத் துகள்) 8,000 மடங்குக்கு மேல் செரன்கோவ் ஒளி, அதாவது பனியில் ஒளியையே முந்தும் துகள் விடும் ஒளி, வீசும். அது வந்தால் தவறவிட வழியில்லை. எட்டாண்டுத் தரவைச் சலித்து, பார்க்கர் வரம்பைவிட ஐயாயிரம் மடங்கு கீழே போய்விட்டார்கள். ஆனால் இது ஒளிவேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் போகும் துகள்களுக்கு மட்டும். 17 நானோகிராம் துகளை விண்வெளியின் காந்தப்புலங்களால் அந்த வேகத்துக்குத் தள்ள முடியாது. அது ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஊர்ந்து வரும். ஐஸ்கியூப்பின் எண்ணை எடுத்துக்கொண்டு மாக்ரோ பழசாகிவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு துகளைப் பற்றிய வாக்கியங்கள்.

கல்

சிறிய ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகிற ஒரே வழி இது. ஆல்வாரெஸ் குழு அப்பல்லோ கொண்டுவந்த நிலாக் கற்களைச் சுருளில் விட்டுப் பார்த்தது. 1995-இல் ஜியோனும் லாங்கோவும் 331 கிலோ பொருளைச் சோதித்தார்கள், அதில் 112 கிலோ விண்கல். பிற்பாடு வேறொரு குழு துருவப் பகுதி எரிமலைப் பாறைகளையும் பார்த்தது. பூமிக்குள் சிக்கிய ஒற்றைமுனைகள் காந்தப்புலத்தால் இழுக்கப்பட்டுத் துருவங்களின் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்ற ஊகம். எதிலும் இல்லை.

கிடைத்தால் நம்பலாம், மறுபடி அளக்கலாம். என் இரண்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண். முதல் கேள்வியில்தான் இடறுகிறது. வேகமாக வரும் கனத்த ஒற்றைமுனை பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், கல்லில் நிற்காது. சூரியக் குடும்பம் உருவானபோது உள்ளே சிக்கியது மட்டுமே மிஞ்சும். அதிலும் பூமி உருகிக் கிடந்த காலத்தில் கனத்தது எல்லாம் மையத்துக்கு இறங்கியிருக்கலாம். ஒரு கிராம் கல்லில் இத்தனைக்கு மேல் இல்லை என்று சொல்லலாம், பேரண்டத்தில் எத்தனை என்பதற்கு அந்தக் கல்லின் நானூற்றைம்பது கோடி ஆண்டு வரலாறும் தெரிந்தாக வேண்டும். மோயிடலின் அலுமினியத்துக்கு வரலாறு முழுவதும் தெரியும், எந்தத் தேதியில் வைத்தார்கள், எத்தனை மோதல் நடந்தது என்று.

டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் படிகத்தை மிகக் குளிராக்கினால் உள்ளே ஒற்றைமுனைபோல் நடந்துகொள்ளும் கிளர்ச்சிகள் (படிகத்தின் காந்த ஒழுங்கில் வரும் கலக்கங்கள்) உண்டாகும் என்று 2008-இல் கணித்து, மறு ஆண்டே சோதனையில் கண்டார்கள். "ஒற்றைமுனை கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாள்களில் வந்தது இதுதான். நல்ல இயற்பியல், ஆய்வேடும் நிச்சயம் முடியும். ஆனால் அந்த ஊட்டம் டிராக் அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு, படிகத்தை விட்டு வெளியே வராது, மின்னூட்டம் ஏன் முழு மடங்காக வருகிறது என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படிகம் பிடிக்குமென்றால் போகலாம். ஒற்றைமுனைக்காகப் போக வேண்டாம்.

சரி, எது?

ஒரு நாடு காசு போடுவதாக இருந்தால், ஒற்றைமுனைக்கென்றே புதிதாக ஒரு பெரிய கருவி கட்டச் சொல்ல மாட்டேன். பெருவீக்கம் அந்தப் பந்தயத்தை மிகவும் மோசமாக்கிவிட்டது. வேறு காரணத்துக்காகக் கட்டும் கருவியில் ஒற்றைமுனையையும் பார்க்க ஏற்பாடு செய்வதே சரி. கோலார் தங்கவயலில் புரோட்டான் சிதைவைத் தேடிய நிலத்தடிக் கருவிகளின் பதிவிலிருந்தே 1984-இல் ஒற்றைமுனைக்கும் ஒரு வரம்பு வெளியிட்டார்கள். தேனி மாவட்டத்தில் பொட்டிபுரம் பக்கம் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்புக் கருவிக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டு 2015-இல் வெளியிட்டார்கள். அந்த மலையைக் குடையலாமா கூடாதா என்ற சண்டை தனி. ஒற்றைமுனை அதற்கு ஒரு காரணமாக முடியாது, கூடவே வரும் ஒரு பயன்தான்.

மாணவருக்கு என் பதில் வேறு. ஈய மோதலும் பிடித்து வைக்கும் பொருளும் சேர்ந்த வழியைத்தான் சொல்வேன். எட்டும் எடை குறைவு, உண்மைதான். ஆனால் வெறுங்கையோடு வந்தாலும் ஆய்வேட்டில் எழுதும் எண்ணைப் பத்தாண்டு கழித்து யாரும் கோட்பாட்டைக் காட்டித் தள்ளிவிட முடியாது. குழு சிறியது, நூற்றுக்கணக்கானோர் பட்டியலில் பெயர் தொலைந்துபோகாது. கருவியைக் கையால் தொடலாம். ஐஸ்கியூப் போன்ற இடத்தில் கற்பது பெரும்பாலும் தரவு அலசும் திறமை. வேலை கிடைக்க அது அதிகம் உதவும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். படிப்பு முடிந்ததும் தொழில்துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பனிக்கட்டியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

ஈய மோதல் ஆண்டுக்கு ஒரு மாதம் அளவுக்குத்தான் நடக்கும். மிச்ச மாதங்களுக்கும் வேலை உண்டு. மோயிடலின் அலுமினியத்தை அளந்த ஜூரிக் காந்தமானியில்தான் துருவப் பாறைகளையும் அளந்தார்கள். ஒரே கருவியைக் கற்றுக்கொண்டால் கல்லையும் விட்டுப் பார்க்கலாம்.